இடது பின்பக்கப் பட்டை

அன்பு மகன் தம்பிக்கு,

உன் அத்தா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம், அங்கு உன் சுகத்துக்கு துஆ செய்கிறோம் என்று தொடங்கத்தான் கை போகிறது. அந்த இரண்டு வரியை எழுதிவிட்டால் மூன்றாவது வரியில் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றியும் மீன் வரத்தைப் பற்றியும் எழுத ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் நேராகவே வருகிறேன். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பாமல் காகிதத்தில் எழுதச் சொன்னது உன் அம்மா. "போன்ல சொன்னா நீங்க பாதிய முழுங்கிடுவீங்க, எழுதுங்க" என்றாள். எழுதி முடித்ததும் உன் தங்கச்சி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். வேலை நேரத்தில் திறக்காதே. அறைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

தங்கச்சியின் நிக்காஹ் மன்னார்குடி மண்டபத்தில் என்று முடிவானது உனக்குத் தெரியும். அது முடிவான மறுநாள் உன் அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டே, நம் பிக்கப் வண்டியைப் பார்த்து, "இதுல ஏறி ஜாம்பவானோடைப் பக்கம் போயி எத்தன வருஷமாச்சு" என்றாள். என்னிடம் கேட்டதுகூட இல்லை, சும்மா வாயில் வந்தது. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் சரக்கு ஏற்றப் போகும் விடியற்காலைகளில் அவளும் ஏறிக்கொள்வாள். படகுகள் வரும்வரை இரண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்து அலையாத்திக் காட்டுக்கு மேல் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிளாஸ்கில் டீ இருக்கும். பேச்சு அதிகம் இருக்காது. அந்த விபத்துக்குப் பிறகு பதினொரு வருஷமாக அவள் அந்த வண்டியில் காலை வைத்ததில்லை. இடுப்பு உடைந்து கம்பி வைத்த ஒருத்தி, மூட்டை ஏற்றினாலும் குதிக்கும், இறக்கினாலும் குதிக்கும் ஒரு வண்டியில் எப்படி ஏறுவாள்? நிக்காஹுக்கு அவளை வாடகைக் காரில் அனுப்பிவிட்டு நான் தனியாகப் பின்னால் பிக்கப்பில் போவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம், வண்டியைச் சரி செய்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. சரி செய்ய வேண்டியது அதன் நடையை.

வீட்டில் எல்லோரும் பழைய இரும்புக்குப் போடச் சொன்ன வண்டிதான். உன்னைவிட வயதில் மூத்தது. ஜீப்பின் மூக்கும் பின்னால் மரப்பலகைத் தொட்டியுமாக, இப்போது கலியாண வீடுகளில் இளவட்டங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீ அதை ஓட்டக் கற்றுக்கொண்டது அறுப்பு முடிந்த வயலில். மூன்றாவது கியருக்கு மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாய். லைசென்ஸ் எடுத்ததும், "அத்தா, நீங்க லோடு பாருங்க, வண்டிய நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னாய். எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஐஸ் பெட்டிகளோடு மன்னார்குடி மார்க்கெட்டுக்கு நீ ஓட்டிப்போகும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு வருவேன். அந்த ஒன்றரை வருஷம்தான் என் வாழ்க்கையில் நான் ஓய்வாக இருந்த காலம்.

மன்னார்குடியில் செல்வராசு என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார். நீ போன பிறகு வந்தவர், ஐம்பது வயது இருக்கும். பழைய வண்டிகளுக்கு அச்சு, ஸ்பிரிங் பட்டை வேலை செய்வதில் கெட்டிக்காரர். வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கு மேலும் ஜாண் வைத்து அளந்தார். பின்பலகையில் ஏறி நின்று இரண்டு குதி குதித்தார். வண்டி அசையவில்லை. என்னைப் பார்த்து, "பாய், இது லோடு அடிக்கவா, ஆள் உக்காரவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். "ஆள் உட்காரத்தான். என் வீட்டுல உட்காரணும். இடுப்புல கம்பி வச்சிருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

பின்பக்கம் நான் கூடுதல் பாரத்துக்காக லாரிப் பட்டைகளை வாங்கி அடுக்கி வைத்திருந்தேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு. அதை முதலில் உருவி எடுத்தார். ஷாக்கப்சரைக் கையில் பிடித்து அமுக்கிக் காட்டினார். எண்ணெய் எப்போதோ போய்விட்டது, வெறும் குழாய். பட்டையைச் சேசிஸோடு பிணைக்கும் இடத்தில் ரப்பர் புஷ் தேய்ந்து தூளாகி, இரும்பும் இரும்பும் துருவில் ஒட்டிக்கிடந்தன. "பட்டை வளையறதுக்கே எடமில்ல பாய், அப்புறம் எங்கேருந்து மெத்துனு இருக்கும்?" என்றார். மெல்லிய நீளப் பட்டைகளாகத் தேர்ந்தெடுத்து, பட்டறை உலையில் காய்ச்சி வளைவு கொடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் நுனியில் ரப்பர் துண்டு வைத்து, கிரீஸ் தடவிக் கட்டினார். முன்பக்கம் சக்கரம் திரும்பும் கிங் பின்னை மாற்றினார். ஸ்டியரிங் கால் சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் திரும்பும் என்று இருந்ததே, உனக்கு ஞாபகம் இருக்கும், அதைக் கட்டை விரல் அகலத்துக்குக் கொண்டுவந்தார். கடைசியில் வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, நான்கு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தார். நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் நான் காலை பஸ்ஸில் போய், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மனிதரைக் கேள்வி கேட்டே கொன்றிருப்பாய்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது. இரண்டாம் நாள் மதியம் செல்வராசு அடியிலிருந்து கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். இடது பின்பக்கம், பட்டையின் முன்நுனி மாட்டும் தாங்கிக்குப் பக்கத்தில், சேசிஸ் இரும்பில் விரல் நுழையும் பள்ளம். டார்ச் அடித்துக் காட்டினார். "இங்க யாரோ ஒடஞ்ச பட்டைக்குக் கிளாம்ப் போட்டு ஓட்டியிருக்காங்க பாய். கிளாம்ப் ஒரசி ஒரசித் தேஞ்ச பள்ளம் இது. மெயின் பட்டை, மாட்டுற கண்ணுகிட்ட ஒடஞ்சு விட்டுப்போச்சுன்னா, அச்சப் புடிச்சு நிறுத்த ஒண்ணுமே கெடையாது. ஒரு வளைவுல கிளாம்ப் நழுவுச்சுன்னா அந்தப் பக்கச் சக்கரம் பின்னாடி ஓடிரும். வண்டி பின்புறத்த இடது பக்கமா வீசிடும். யாரு ஓட்டினாலும் புடிக்க முடியாது. இப்புடி வண்டியக் குடுக்குறது கொலை பண்றதுக்குச் சமம் பாய். யாரு பாத்த வேல இது?"

தம்பி, அந்த வேலையைப் பார்த்தவன் நான்தான். அந்த விபத்து நாளுக்கு மூன்று வாரம் முன்னால் இடது பின்பக்கப் பட்டை ஒடிந்திருந்தது. இறால் வரத்து நன்றாக இருந்த சமயம். இரண்டு நாள் வண்டியை நிறுத்தினால் வேறு வண்டிக்காரன் நம் இடத்தில் வந்து நின்றுவிடுவான் என்று ஒரு பயம். நீ வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் நானே கிளாம்ப் போட்டு முறுக்கினேன். நல்ல முறுக்காகத்தான் முறுக்கினேன். உன்னிடம் சொன்னால் நீ அன்றே வண்டியை நிறுத்திவிடுவாய். அதனால் சொல்லவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை, மன்னார்குடியில் கலியாணச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் வந்துகொண்டிருந்தோம். நீ ஸ்டியரிங்கில், நான் நடுவில், குமட்டல் வரும் என்பதால் அம்மா ஜன்னலோரம். வாய்க்கால் வளைவில் வண்டி பின்பக்கம் வீசி இடதுபுறமாகச் சாய்ந்தது. அம்மா இருந்த பக்கம்தான் அடியில் போனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பெரிய மாமா ஓடிவந்தார். "எவ்வளவு வேகத்துலடா போனே?" என்று கேட்டார். "நாப்பதுலதான் மாமா போனேன், அல்லாஹ் மேல ஆணையா" என்றாய். அவர் உன் கன்னத்தில் அறைந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. அத்தா சொல்லுவார் என்று பார்த்தாய். நான் சொன்னது இதுதான்: "சின்னப் பையன், கை பழகல." உன்னை அடிக்காமல் காப்பாற்றச் சொன்ன மாதிரி சொன்னேன். அந்த நாலு வார்த்தையை எல்லோரும் நம்பினார்கள். கொஞ்ச நாளில் நீயே நம்பிவிட்டாய். மறுநாள் காலை, வண்டியைத் தூக்க ஆள் வருவதற்கு முன்னால், நான் ஸ்பேனரோடு வாய்க்காலில் இறங்கி அந்த ஒடிந்த பட்டையையும் கிளாம்பையும் கழற்றினேன். சாக்கில் சுற்றி, வரும் வழியில் ஆற்றில் போட்டேன். தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

நான்கு மாதத்தில் நீ விமானம் ஏறினாய். துபாயில் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறாய். உன்னோடு அறையில் இருந்துவிட்டு லீவில் வந்த நம்மூர்க்காரர் ஒருவர் சொன்னார், கம்பெனியில் உன்னை டிரைவர் வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டு தடவை கேட்டார்களாம், நீ மாட்டேன் என்றுவிட்டாயாம், சைக்கிள்கூடத் தொடுவதில்லையாம். பெண் பார்க்கட்டுமா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "மொதல்ல தங்கச்சிக்கு முடியட்டும்" என்பாய். போனில் இரண்டு நிமிஷம். "அம்மா இடுப்பு எப்படி இருக்கு, மருந்து சாப்பிட்டாங்களா" என்பதைத் தவிர என்னிடம் நீ கேட்டது கிடையாது. முன்னெல்லாம் ஒரு நாளைக்கு என்னோடு நாலு சண்டை போடுவாய். மீன் கூடையைத் தூக்கி வைக்கும் இடத்துக்குக்கூட ஒரு சண்டை இருக்கும். அந்தப் பிள்ளை எங்கே போனான் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? அவனை அனுப்பி வைத்தவனே நான்தானே.

செல்வராசு கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "எனக்கு முன்னாடி வச்சிருந்தவங்க பண்ணது" என்றேன். பதினொரு வருஷம் கழித்தும், சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரிடம்கூட, வாயில் பொய்தான் முதலில் வந்தது. அவர் நம்பினார். தலையை ஆட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். அந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதியில் இல்லை. ஆனாலும் அத்தா என்று ஒருவன் எழுதும்போது இதைச் சொல்லாமல் முடியாது. தப்பு செய்தால் அன்றே சொல்லிவிடு. அன்றைக்குச் சொன்னால் ஒரு அறை விழும், இரண்டு பேர் கேவலமாகப் பேசுவார்கள். மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். ஒரு வருஷம் போனால் பிறகு சொல்லாமல் இருப்பதே வேலையாகிவிடும். மற்ற எல்லா வேலையையும் அதற்கு நடுவில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

வண்டி வீட்டுக்கு வந்தது. அம்மா முதலில் மாட்டேன் என்றாள். உன் தங்கச்சி ஒரு முக்காலியைப் போட்டுக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். டயர் காற்றைக்கூடச் செல்வராசு கொஞ்சம் குறைத்துத்தான் அடித்திருந்தார். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. "அவ்வளவுதானா?" என்றாள். "அவ்வளவுதான்" என்றேன். சிரித்துவிட்டாள், தம்பி. அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். ஊரைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் குறுவை நடவு, தண்ணீர் முழுக்க வானம். வண்டி படகு மாதிரி மெல்லத் தாழ்ந்து எழுந்து போனது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் பிடித்தால் போதும். கொஞ்ச தூரம் போனதும் அவள், "அவனும் இப்படி மெதுவாத்தாங்க ஓட்டிக்கிட்டு வந்தான்" என்றாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தேன். "நானும் வண்டியிலதானே இருந்தேன். பின்னாடி யாரோ காலப் புடிச்சு இழுத்தாப்புல இருந்துச்சு. இத்தன வருஷமா எனக்கு அது வெளங்கவே இல்ல" என்றாள்.

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதுதான் என்னை உடைத்தது. வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, உனக்கு எழுதிய அத்தனையையும் சொன்னேன். ஆற்றில் போட்டதுவரை. அவள் அழவில்லை. கதவைத் திறந்து, தடியை ஊன்றி, முக்காலி இல்லாமலே இறங்கினாள். வரப்பைப் பார்த்து நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: "இடுப்பு என்னோடது. அத நான் மன்னிச்சுடுவேன், எனக்குப் பாத்தியப்பட்டது. என் புள்ளையோட பதினொரு வருஷம் என்னோடது இல்லீங்க. அத மன்னிக்க நான் யாரு?" வா, வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடிக்கப் போனேன். "அவன்கிட்ட சொல்லுங்க. சொல்ற வரைக்கும் இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றாள். மன்னார்குடியிலிருந்து வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, நடத்துநர் கைகொடுத்துத் தூக்க, ஏறிப் போய்விட்டாள். வெயிலில் அந்த வண்டியோடு நான் தனியாக நின்றேன். நான் அவளுக்காகச் செய்த நல்ல காரியம் என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்த வண்டி.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் உன் பெரிய மாமாவைப் பார்க்கப் போனேன். நீ கேட்க வேண்டியதை அவர் முதலில் கேட்டது தப்பாக இருக்கலாம். ஆனால் உன்னை ஊரறிய அடித்தவருக்கு ஊரறியத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு வெளியே, அன்று வராந்தாவில் நின்ற நாலைந்து பேரும் இருந்தபோதே சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடிச்சேனே மச்சான். நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மன்னார்குடி போய்ச் செல்வராசுவிடமும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "பையன் வந்தா ஒரு தடவ இங்க கூட்டிட்டு வாங்க பாய். நான் ஒரு வார்த்த சொல்லணும் அவருக்கு" என்றார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதிவிட்டு அதை அடித்தேன், மறுபடி எழுதினேன். கேட்கிறேன், தம்பி. கொடுக்க வேண்டும் என்று இல்லை. நிக்காஹுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். தங்கச்சிக்காக வா, அம்மாவுக்காக வா. என்னோடு பேசாமல் இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டுப் போனாலும் சரி. வாசலில் உன் செருப்பு கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் போதும்.

இவ்வளவு எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே முழுதும் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் உங்களப் பத்தியேதான் எழுதியிருக்கீங்க. அன்னைக்கு என் புள்ள எப்படி ஓட்டினான்னு எங்க எழுதியிருக்கு?" என்றாள். திரும்பப் புரட்டிப் பார்த்தேன். எங்கும் இல்லை. அதனால் இந்தக் கடைசிப் பக்கம்.

நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். நீ நாற்பதுக்கு மேல் போகவில்லை. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தாய். எதிரே பஸ் வந்ததைப் பார்த்து இன்னும் குறைத்து, இரண்டாவது கியருக்கு மாற்றி, அதற்கு வழிவிட்டாய். பின்பக்கம் வீசியபோது பயந்து பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் தலைகுப்புற மதகடியில் போயிருப்போம், மூன்று பேரும் மிஞ்சியிருக்க மாட்டோம். வண்டி வீசிய பக்கமே நீ ஸ்டியரிங்கைத் திருப்பி, தண்ணீர் குறைவான இடம்வரை வண்டியைப் பிடித்து நிறுத்தினாய். விழுந்ததும் முதலில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாய். கண்ணாடியை முழங்கையால் உடைத்து, ரத்தம் வழிய வழிய, அம்மாவை இடுப்பு அசையாமல் சீட்டுப் பலகையோடு சேர்த்து வெளியே எடுத்தாய். முப்பது வருஷம் வண்டி ஓட்டிய நான் அன்று ஸ்டியரிங்கில் இருந்திருந்தால் இதில் பாதிகூடச் செய்திருக்க மாட்டேன்.

நீ நன்றாக ஓட்டினாய், தம்பி. மிக நன்றாக ஓட்டினாய்.

உன் அத்தா